இடைப்பட்ட காலத்துக்கான உறுதிமொழி

எல்லைக்கு அந்தப் பக்கம் இருபத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள், இந்தப் பக்கம் வந்து இறங்கிய நாளிலிருந்து நர்ஸ் இல்லை. மனுஷனுக்கு இதயம் இரண்டு பக்கமும் இடது புறத்தில்தான் இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாத்திரையும் அதேதான். ஆனால் ஒரு மாநிலத்தின் நர்ஸிங் கவுன்சில் கொடுத்த பதிவு எண் இன்னொரு மாநிலத்தில் சல்லிக்காசு பெறாது. பதிவை மாற்ற வேண்டும். அதற்கு முதலில் பழைய கவுன்சிலில் பதிவை ரத்து செய்துவிட்டுத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அவள் வாங்கினாள். ரத்து செய்கிற வேலையை மட்டும் அவர்கள் அரை நாளில் முடித்துக் கொடுத்தார்கள். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம்தான் அல்லாட்டம் தொடங்கியது. புதிய கவுன்சிலின் எழுத்தர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே மேஜைமேல் தேடுகிற மனிதர். போகும்போதெல்லாம் அவர் ஒரே பதிலைச் சொன்னார்.

"உங்க பழைய கவுன்சில்ல இருந்து சரிபார்ப்புக் கடிதம் எங்களுக்கு நேரா வரணும்மா. நீங்க கையில கொண்டு வந்தா செல்லாது."

"அனுப்பிட்டோம்னு சொல்றாங்க, சார்."

"அனுப்பினா வந்திருக்கணுமே."

பழைய கவுன்சிலுக்குப் போன் போட்டால், "அனுப்பியாச்சே, அவங்களைத் தேடச் சொல்லுங்க" என்றார்கள். இவர்களைத் தேடச் சொன்னால், "வராததை எப்படிம்மா தேடறது?" என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. நடுவில் ஏழு மாதம் போனது. கல்யாணத் தேதியைக்கூட யோசித்துச் சொல்கிறவள், தன் பதிவு எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த எண் இப்போது எங்கோ ஒரு பேரேட்டில் குறுக்குக்கோடு வாங்கிக் கிடந்தது.

ஊரை விட்டு வந்ததற்குக் காரணம் அவள் கணவன். லேத் பட்டறையில் சங்கிலி அறுந்து இரும்புச் சட்டம் முதுகில் விழுந்ததில், இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவன் அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள். கீழே அண்ணனின் இரும்புக்கடை, மேலே வீடு. மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம் வேறு. வந்த அன்று நான்கு பேர் சேர்ந்து அவனைப் பெஞ்சில் கட்டி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவன் இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகத் தெரிகிற எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் அவனுக்கு வெளி உலகம்.

"அந்தத் தொட்டி எப்ப நிரம்பும், எப்ப வழியும்னு என்னைக் கேளு," என்பான். "அதுக்கு ஒரு லைசன்ஸ் இருந்தா எனக்குத்தான் குடுக்கணும்."

அவள் சிரிப்பாள். ஓரகத்தியும் சிரிப்பாள். ஓரகத்தி கெட்டவள் இல்லை. சோறு போடுவாள், கூடவே ஒரு சொல்லும் போடுவாள். "ஏம்மா, உன் லைசன்ஸ் என்ன நடந்தே வருதா? கால் வலிச்சு எங்கயாவது உக்காந்துடுச்சான்னு பாரு" என்று அவள் கேட்பது கேலிதான் என்றாலும், சோறு தொண்டையில் இறங்க ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்படும்.

இத்தனைக்கும் வேலை தயாராக இருந்தது. ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு நர்ஸ் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கூடவே ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு. தரைத்தளம். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாசலில் படியே இல்லை. கதவைத் திறந்தால் நேராகத் தெரு. சக்கர நாற்காலியைத் தள்ளினால் போதும், அவன் மற்ற மனிதர்களைப் போல வெளியே போய்விடலாம். அதை அவனிடம் சொன்ன அன்று அவன் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. "வாசலுக்கு எதுத்தாப்ல என்ன இருக்கு?" என்று கேட்டான். டீக்கடை என்றாள். அதற்கப்புறம் தினமும் அந்த டீக்கடையைப் பற்றி ஏதாவது ஒன்று கேட்டான்.

வருஷக் கடைசிக்குள் பதிவு வந்தாக வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு. அதுவரை உதவியாளாக இருந்துகொள் என்று மேட்ரன் சேர்த்துக்கொண்டார். படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, சக்கர நாற்காலி தள்ளுவது. நர்ஸ்களுக்கு வெள்ளை உடை, உதவியாளுக்குச் சாம்பல் நிறம்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் மேட்ரன். "ஊசியத் தொடக்கூடாது. மருந்தத் தொடக்கூடாது. மானிட்டர்ல ஒரு பட்டன்கூட அமுக்கக்கூடாது. போன வருஷம் உங்கள மாதிரியே ஒருத்தி, பழக்கதோஷத்துல ஒரு ட்ரிப்ஸ மாத்தி விட்டா. யாரோ கவுன்சிலுக்கு எழுதிப் போட்டுட்டாங்க. பதிவில்லாம தொழில் பண்ணினான்னு விண்ணப்பத்தையே தள்ளிட்டாங்க. அவ இப்ப துணிக்கடையில நிக்கறா."

"தொட மாட்டேன், மேடம்."

"கை துறுதுறுங்கும். பாக்கெட்ல போட்டுக்குங்க."

அவள் அப்படியே செய்தாள். வார்டில் எங்காவது ட்ரிப்ஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தால், கையைச் சாம்பல் நிறப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "சிஸ்டர், பதினாலாம் கட்டில்" என்று குரல் மட்டும் கொடுப்பாள். அந்தச் சிஸ்டருக்கு வயது இருபத்துமூன்று. இவள் பயிற்சி கொடுத்து அனுப்பிய பெண்களைவிடச் சின்னவள். முப்பது கட்டிலுக்கு ஒற்றை ஆளாக ஓடுகிறவள். இவளை அக்கா என்று கூப்பிடுவாள், இவள் அவளை சிஸ்டர் என்று கூப்பிடுவாள். முதல் வாரம் அது நாக்கில் முள்ளாகக் குத்தியது, பிறகு பழகிவிட்டது.

ஒன்பதாம் கட்டிலுக்குத் தையல்காரர் வந்தது டிசம்பர் தொடக்கத்தில். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. பழைய சர்க்கரை நோயாளி, இதயமும் கொஞ்சம் சொதப்பல். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர இரண்டு நாள் முன்னதாகவே படுக்கவைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி உடை போட்டும் கழுத்தில் அளவு நாடாவைக் கழற்றாத மனிதர். இவள் விரிப்பை மாற்றுவதைச் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க ஆயா இல்லையே," என்றார்.

"ஆயாதாங்க."

"யார்கிட்ட கதை விடறீங்க? இந்த மூலை மடிப்பப் பாருங்க. நாப்பத்தஞ்சு டிகிரி, ஒரு சுருக்கம் கிடையாது. துணிய மடிக்கிற கை எனக்குத் தெரியாதா? இது நர்ஸ் கை."

ஏழு மாதத்தில் அவளை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விரிப்பைத் தட்டுவது போலக் குனிந்துகொண்டு, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "என்ன அநியாயம். பேன்ட் தைக்கத் தெரிஞ்சவன் அடுத்த ஊருக்குப் போனா கோவணம்தான் கட்டணும்னு சொல்ற மாதிரில்ல இருக்கு" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடாதீங்க என்று அவள் கேட்டுக்கொண்டும் விடவில்லை. லைசன்ஸ் வந்ததும் வெள்ளை உடையைத் தானே தைத்துத் தருவதாகவும், இந்த ஆஸ்பத்திரித் தையல் பார்க்கச் சகிக்கவில்லை என்றும் சொன்னார்.

அறுவை சிகிச்சையன்று காலை எட்டு மணிக்கு அவருக்கு முறை. முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறு. 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்ற பலகையைக் கட்டில் தலைமாட்டில் மாட்டியவளே இவள்தான். வெறும் வயிற்றில் இருக்கிறவருக்குக் காலை இன்சுலின் ஊசி போடக்கூடாது. ஆனால் மருந்து அட்டையில் அதை யாரும் அடிக்கவில்லை. அட்டையில் இருந்ததைச் சின்ன சிஸ்டர் ஏழு மணிக்குப் போட்டுவிட்டாள். எட்டு மணிக்கு அறுவை அரங்கிலிருந்து போன் வந்தது, வேறு அவசரக் கேஸ், பதினொரு மணி ஆகும் என்று. சின்ன சிஸ்டருக்கு அப்போது இரண்டு புது நோயாளிகள் வந்து சேர்ந்திருந்தார்கள்.

ஒன்பதரைக்கு இவள் தண்ணீர்க் குடங்களை மாற்றிக்கொண்டே ஒன்பதாம் கட்டிலுக்கு வந்தாள். தையல்காரரின் நெற்றியில் வியர்வை. மின்விசிறிக்கு நேர் கீழே படுத்திருக்கிற மனிதருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அவர் போர்வையைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கத்தரி எங்க வெச்சே?" என்றார். அவளைப் பார்த்த பார்வையில் அவள் இல்லை. "கை நீளம் குறையுது. கத்தரிய எடு."

அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. குப்பைத் தட்டில் கிடந்த இன்சுலின் ஊசியைக் காலையில் அவளே பார்த்திருந்தாள். இருபத்தோரு வருஷத்தில் இந்த வியர்வையை எத்தனை முறை துடைத்திருப்பாள். சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் நரம்பில் குளுகோஸ். ஐந்து நிமிஷ வேலை.

"சிஸ்டர், ஒன்பதாம் கட்டில். வேர்க்குது, பேச்சு குழறுது. சுகர் பாருங்க."

சின்ன சிஸ்டர் எதிர்வரிசையில் ஒரு கிழவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்றாவது முறையாகக் குத்திக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை. "ஆபரேஷன் பயம் அக்கா. காலையில நல்லாத்தான் பேசினார். ரெண்டு நிமிஷம், வந்துடறேன்."

"பயம் இல்ல சிஸ்டர். இன்சுலின் போட்டிருக்கு, சாப்பிடல."

"வர்றேங்கறேன்ல அக்கா."

சர்க்கரை பார்க்கும் கருவி மேஜைமேல் தட்டில் இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகுதான் தலையைத் தூக்கினாள். வார்டு மூலையில் கேமரா. அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. துணிக்கடையில் நிற்கிற பெண் நினைவுக்கு வந்தாள். முகம்கூடத் தெரியாத பெண். அடுத்து, படியே இல்லாத அந்த வாசல். அவள் கருவியைத் தட்டில் திரும்ப வைத்தாள். வைத்த இடம்கூடப் பிசகவில்லை.

சமையல் அறையில் சர்க்கரை இருந்தது. ஒரு கரண்டி வாயில் போடலாம். ஆனால் தலைமாட்டில் பலகை. வாயில் எதையாவது கொடுத்து அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால்? உதவியாள் பலகையை மீறினாள் என்றாகிவிடும். இப்படி ஒவ்வொரு வழிக்கும் ஒரு காரணம் கச்சிதமாகக் கிடைத்தது. அவள் மேட்ரன் அறைக்கு ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே கூட்டம். வெளியே இருந்த பியூன், "பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், உக்காருங்க" என்றார். ஒன்பதாம் கட்டில் அவசரம் என்றாள். "டியூட்டி சிஸ்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். சொல்லியிருந்தாள். "அப்புறம் என்னம்மா? சொல்லிட்டீங்கல்ல" என்றார் அவர், ஆறுதலாக.

கதவைத் தட்டித் திறந்திருக்கலாம். பழைய ஆஸ்பத்திரியில் அறுவை அரங்குக் கதவையே உதைத்துத் திறந்தவள். இங்கே அவள் சாம்பல் நிற உடையில் பத்து நிமிஷம் நின்றாள். உட்காரவில்லை, அவ்வளவுதான். நின்றதற்கும் உட்கார்ந்ததற்கும் என்ன வித்தியாசம் என்று பிறகு பல நாள் யோசித்தாள். கூட்டம் முடியவில்லை. அவள் திரும்பி வந்தபோது ஒன்பதாம் கட்டில் குலுங்கிக்கொண்டிருந்தது. தையல்காரருக்கு வலிப்பு. சின்ன சிஸ்டர் ஓடிவந்தாள், டாக்டர் ஓடிவந்தார், குளுகோஸ் ஏற்றினார்கள். வலிப்பு நின்றது. இதயமும் ஒருமுறை நின்று, திரும்ப ஓடியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். கட்டில் காலியானதும், வேறு யாரும் இல்லாததால், நனைந்த விரிப்பை மாற்றும் வேலை அவளுக்கு வந்தது. அவள் கை தன் போக்கில் மூலைகளை மடித்தது.

இரண்டாம் நாள் அவர் போய்விட்டார். கண் விழிக்கவே இல்லை.

விசாரணை என்று ஒன்று நடந்தது. டாக்டரைக் கேட்டார்கள், சின்ன சிஸ்டரைக் கேட்டார்கள், அறுவை அரங்கில் கேட்டார்கள். உதவியாளை யாரும் கேட்கவில்லை. கட்டில் விரிக்கிறவளுக்கு என்ன தெரியும்? கேஸ் ஷீட்டில் 'காலை ஒன்பது மணி, சர்க்கரை 112' என்று ஒரு வரி புதிதாக முளைத்திருந்தது. அப்படி ஒரு வரியை எழுத யாரும் அவர் விரலைக் குத்தவில்லை என்பது வார்டில் இரண்டே பேருக்குத் தெரியும். இதயம் ஏற்கெனவே பலவீனம், அதனால்தான் என்று முடித்தார்கள்.

துணி அறையில் சின்ன சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, நீங்க எங்கிட்ட சொன்னீங்கன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எனக்கு வேலை போயிடும் அக்கா. பதிவும் போயிடும்."

அவள் தலையசைத்தாள். பெருந்தன்மை என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். சொன்னால், உனக்கு எப்படித் தெரிந்தது என்பார்கள். தெரிந்தும் ஏன் கருவியை எடுத்த இடத்திலேயே வைத்தாய் என்று கேமராவைப் போட்டுக் காட்டுவார்கள். அந்த வாரம்தான் கவுன்சில் எழுத்தரிடமிருந்து போன் வந்திருந்தது, கடிதம் வந்துவிட்டது, வேறு ஒரு கோப்புக்குள் சிக்கிக்கொண்டிருந்தது என்று. எத்தனை மாதமாக என்று அவள் கேட்கவில்லை.

கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போய்ச் சொல்லணும்னு தோணினா சொல்லிடு," என்றான். "என்னை நெனச்சு நிக்காத. நான் மேலயே இருந்துக்கறேன். தொட்டி இருக்கு."

அவன் மனசாரத்தான் சொன்னான். அவளுக்கு அது தெரியும். ஆனாலும் மறுநாள் காலை ஷேவ் செய்துகொள்ளும்போது அவன், "அந்த டீக்கடை ஞாயித்துக்கெழம திறப்பாங்களா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். திறப்பாங்க என்றாள் அவள்.

தையல்காரரின் மகள், கடையைப் பார்த்துக்கொள்கிறவள், அப்பாவின் சாமான்களை வாங்க வந்தாள். செருப்பு, கண்ணாடி, அளவு நாடா. பொட்டலத்தை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"இங்க நர்ஸம்மான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்களைப் பாக்கணும். சாம்பல் கலர் போட்டிருப்பாங்கன்னு அப்பா சொன்னார்." இவளை உற்றுப் பார்த்தாள். "நீங்களா?"

"எதுக்கும்மா?"

"அன்னிக்கு நான் கூடவே இருக்கேன்னுதான் சொன்னேன். அப்பாதான், 'நர்ஸம்மா இருக்காங்க, பாத்துக்குவாங்க, நீ போய்க் கடையத் திற'ன்னு அனுப்பிட்டார். கடைசியா ஏதாவது சொன்னாரான்னு அவங்களக் கேக்கணும்."

இவள் கைகள் பாக்கெட்டுக்குள் இருந்தன.

"நான் நர்ஸ் இல்லம்மா," என்றாள். "ஆயா."

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கட்டில் கட்டிலாகத் தேடியபடி போனாள்.

அடுத்த திங்கட்கிழமை கவுன்சிலுக்கு வரச் சொன்னார்கள். எழுத்தர் கோப்பைப் புரட்டினார். இருபத்தோரு வருஷத்தில் ஒரு புகார் இல்லை, ஒரு குறிப்பு இல்லை, இப்படிக் கோப்பைப் பார்ப்பதே அபூர்வம் என்றார். ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. பழைய பதிவு ரத்தான நாளிலிருந்து இன்றுவரைக்குமான உறுதிமொழி. அதை விண்ணப்பதாரருக்கு வாசித்துக்காட்டி, அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும் என்பது விதி. எழுத்தர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார்.

"இடைப்பட்ட காலத்தில் நான் எந்த நோயாளிக்கும் ஊசி போடவில்லை, மருந்து தரவில்லை, பரிசோதனை எதுவும் செய்யவில்லை என்றும், செவிலியர் பணி எதிலும் ஈடுபடவில்லை என்றும் உளமார உறுதி கூறுகிறேன்."

பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த இடத்தில் தயங்கியவர்கள் பலரை அவர் பார்த்திருக்கிறார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னம்மா, இடையில எங்கயாவது கை வெச்சுட்டீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னால தெரிஞ்சா ஆபத்து. யாருக்காவது ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்லீங்க," என்றாள். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். "யாருக்கும் நான் ஒண்ணுமே செய்யல."